பெரியப்பாவின் நீளமான பாட்டுகள்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. உன் பெரியப்பாவின் இரங்கல் கூட்டத்தில் நான் மைக்கைப் பிடித்து அவர் எதனால் செத்தார் என்று சொல்லிவிட்டேன், அதனால் உன் அப்பா நேற்றுவரை என்னோடு பேசவில்லை. மற்றபடி இங்கே நலம், நீயும் மருமகளும் பேத்தியும் நலம்தானே. நலம் என்று எழுதவே கை கூசுகிறது, இந்த வீட்டில் நலம் என்பது யாரும் பிரித்துப் பார்க்காத சரக்கு.

கூட்டம் அவர் நிகழ்ச்சி நடத்திய வானொலி நிலையத்து மாடியில் நடந்தது. நிலைய இயக்குநர் முதலில் பேசினார், சட்டைப் பையில் இரண்டு பேனா, வாயில் ஒரே பொய். குறுகிய கால உடல்நலக் குறைவு என்றார். நோய் எலும்புவரை போய், இடுப்பைப் பிடித்துக்கொண்டு மனிதர் சாய்ந்து சாய்ந்து நடந்ததெல்லாம் இவருக்குக் குறுகிய காலம். அடுத்து ரசனையைப் புகழ ஆரம்பித்தார். கடைசி வருடங்களில் காலை நிகழ்ச்சிக்கு நீளமான பாட்டுகளாகத் தேடித் தேடி, ஒரு வரி வெட்டாமல் ஒலிபரப்பினாராம், அப்படி ஒரு கலை உள்ளம் இனிமேல் வராதாம். கூட்டம் மொத்தமும் தலையாட்டியது. என் பக்கத்தில் இருந்த ஒலிப்பதிவுக்காரர் மட்டும் குனிந்து சிரித்தார். என்ன தம்பி என்றேன். "ரசனையாவது ஒண்ணாவது, போங்கக்கா. பாட்டைப் போட்டுட்டு அண்ணன் பாத்ரூமுக்கு ஓடுவாரு. சின்னப் பாட்டுன்னா திரும்பி வர்றதுக்குள்ள முடிஞ்சிடும். நாங்களே பெரிய பாட்டா எடுத்து வச்சிருப்போம்" என்றார். டாக்டரிடம் போகச் சொன்னீர்களா என்று கேட்டால், "அவ்வளவு பெரிய மனுஷன்கிட்ட அதைப் போய் எப்படிக்கா கேக்கிறது" என்கிறார். ஓடுவதற்குப் பாட்டு எடுத்துக் கொடுக்கலாமாம், ஏன் ஓடுகிறீர்கள் என்று கேட்டால் மரியாதைக் குறைவாம்.

நான் குழாயும் கழிவறைப் பீங்கானும் விற்று உன்னைப் படிக்க வைத்தவள், ஆம்பளைகளின் லட்சணம் எனக்குத் தெரியும். வீட்டுக் குழாயில் வேகம் குறைந்தால் மறுநாளே கடையில் நின்று, வாஷர் போச்சா, வால்வு போச்சா என்று உயிரை எடுப்பார்கள். சொந்த உடம்பில் அதே கோளாறு வந்தால் வயசாயிடுச்சு என்று வாயை மூடிக்கொள்வார்கள். உன் பெரியப்பா வாரம் ஒரு டாக்டரை எதிரே உட்கார வைத்து, வெட்கப்படாமல் கேளுங்கள் நேயர்களே என்று ஊருக்கே கணீரென்று சொன்னவர். அந்த டாக்டர்களில் ஒருவரிடமாவது தன் விஷயத்தைக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. பெண்பிள்ளைக்குக் குழாய்க் கடை எதற்கு என்று குடும்பமே சிரித்தபோது சிரிக்காத ஒரே ஆள் அவர்தான், அதனால்தான் எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. குடும்பத்தார் சார்பில் இரண்டு வார்த்தை என்று கூப்பிட்டார்கள், உன் அப்பா அழுதுகொண்டிருந்தார், நான் போனேன். புராஸ்டேட் புற்றுநோய், முன்னாலேயே கண்டுபிடித்திருந்தால் காப்பாற்ற வழி இருந்திருக்கும் என்று டாக்டரே சொன்னார், இங்கே ஐம்பது தாண்டின ஆம்பளைகளில் யார் யார் சோதித்துப் பார்த்திருக்கிறீர்கள், கையைத் தூக்குங்கள் என்றேன். ஒரு கை எழவில்லை. இயக்குநர் கைக்குட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் உன் அப்பா, "அண்ணன் மானத்தை நடுச்சபையில வாங்கிட்டியேடி" என்றார். மானம் பத்திரமாக இருக்கிறது, அண்ணனைத்தான் காணோம் என்றேன், பேச்சு நின்றது. அவருக்கும் சேர்த்துத்தான் நான் அங்கே பேசினேன் என்பது அவருக்குத் தெரியும். கூடப் பிறந்தவனுக்கு இந்த நோய் வந்தால் இவருக்கு வரும் வாய்ப்பு கூடுதல் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் இவர் மார்தட்டுகிறார், இது ஆரம்பத்தில் தொந்தரவே காட்டாதாம், காட்டும்போது பாதி கைவிட்டுப் போயிருக்கலாமாம். முதலில் பிஎஸ்ஏ என்று ஒரு ரத்தப் பரிசோதனை, அவ்வளவுதான். அந்த எண் கூடியிருந்தாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை, மேற்கொண்டு பார்க்க வேறு சோதனைகள் உண்டு. எல்லாம் சொன்னேன், சுவர் மாதிரி இருந்தார். நேற்று சாப்பிடும்போது தானாக வாயைத் திறந்து, "உன் பிள்ளைக்கும் இதே ரத்தம்தானே, நாற்பத்தாறு ஆச்சு, அவன் பார்த்துக்கிட்டானா? முதல்ல அவன் போகட்டும், அப்புறம் நான் போறேன்" என்றார். நீ போகமாட்டாய் என்ற தைரியத்தில் சொன்னது அது. வியாபாரத்தில் எதிராளி வாய்தவறிச் சொன்ன விலைக்கே சரக்கை முடித்துப் பழகியவள் நான், தட்டை எடுப்பதற்குள் சரி என்றுவிட்டேன்.

வேலை இருக்கிறது, விடுமுறை இல்லை என்று எனக்கு எழுதாதே, உன் பெரியப்பாவுக்கும் தினமும் நிகழ்ச்சி இருந்தது. நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும், அதற்கு என் ஆசீர்வாதம் மட்டும் போதாது. பேசி முடித்தது இதுதான்: கடிதம் கிடைத்த வாரமே நீ அங்கே டாக்டரிடம் குடும்ப விவரத்தைச் சொல்லி ரத்தம் கொடுக்க வேண்டும், கொடுத்துவிட்டேன் என்று அப்பாவிடமே ஃபோனில் சொல்ல வேண்டும், மறுநாள் காலை அவர் இங்கே கொடுப்பார், நீ போகாவிட்டால் அவரும் போகமாட்டார்.

இப்படிக்கு,
அம்மா