நீ கிழித்தெடுத்த அட்டவணை

பாய், இன்று காலை எக்ஸ்ரே மேசையில் ஒரு பெண்ணைப் படுக்க வைத்து, தூண்டில் நரம்பு மாதிரியான அந்த ஒளியிழையை அவள் முதுகில் ஒட்டுவதற்காகப் பிளாஸ்திரியைப் பல்லால் கிழித்தேன். அந்தக் கோந்து வாசனை வந்ததும் உன் நினைப்பு வந்துவிட்டது. நீயும் பல்லால்தான் கிழிப்பாய். "இன்னாங்க இது, ஊசியா?" என்று அவள் பயந்தாள். "ஊசி இல்லம்மா. உம்மேல எவ்ளோ கதிர் படுதுன்னு இது சொல்லும்" என்றேன். நீயாக இருந்தால் அவளைச் சிரிக்கவே வைத்திருப்பாய்.

நீ வாணியம்பாடிக்காரன், நான் ஜவ்வாது மலைக்காரன். ஆனாலும் எங்கள் மலைச் சனம் எக்ஸ்ரே ரூம் வாசலில் நின்று "பாய் இல்லியா?" என்றுதான் கேட்கும். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

பாதி தூரம் நடந்து, மீதிக்குப் பஸ் பிடித்து வருகிறவர்களை, படம் சரியில்லை, நாளைக்கு வா என்று அனுப்பக் கூடாது என்பது நம் வழக்கம். "ஒரு தபா மலை எறங்கி ஏர்ற ஜனம்பா, ஒரே ஷாட்ல முடிச்சிடணும்" என்பாய். அதைப் பிடித்துக்கொண்டு, நீ விடுப்பில் போயிருந்த மாதம், ஒல்லி, நடுத்தரம், குண்டு என்று ஆட்களைப் பிரித்து, எல்லாவற்றுக்கும் கதிரைக் கூட்டிப் போட்டு ஓர் அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். நீ வந்து பார்த்து, "இவ்ளோ வேணுமாபா?" என்றாய். "எங்க ஜனத்த எனக்குத் தெரியாதா?" என்று உன் வாயை அடைத்தேன். பழைய ஃபிலிமாக இருந்தால், கதிர் கூடினால் படம் கறுத்துக் காட்டிக்கொடுத்திருக்கும். கம்ப்யூட்டரில் எல்லாப் படமும் பளிச்சென்று வந்தது. நல்லது செய்கிறோம் என்று மார்தட்டிக்கொண்டோம்.

பிறகு கதிர் அளவைச் சோதிக்க ஒரு மேடம் முதன்முதலாக இந்த இழையோடு வந்தார். கதிர் பட்டால் இழையின் நுனி மினுங்கும். அந்த வெளிச்சம் வெளியே இருக்கும் பெட்டிக்குப் போய் எண்ணாகத் தெரியும். முதல் நோயாளியின் எண்ணைப் பார்த்ததுமே அவர் முகம் மாறியது. "தேவைக்கு ரெண்டு மடங்கு போகுதே. ஒரு படத்தால யாருக்கும் ஒண்ணும் ஆயிடாது. ஆனா திரும்பத் திரும்ப வர்றவங்களுக்கு இது எதுக்கு? யார் வச்ச அளவு?"

நான் குனிந்து பிளாஸ்திரியைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். "நான்தாங்க மேடம்" என்றாய் நீ. அவர் சுவர்ப்பக்கம் திரும்புவதற்குள் அட்டவணையைக் கிழித்துச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டாய். அது என் கையெழுத்து.

வெளியே வந்து "ஏன் பாய்?" என்றேன். "உன்து காண்ட்ராக்ட் வேலை. வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. நான் பர்மனென்டு, என்ன இன்னா பண்ணிடுவாங்க? போய்ட்டு டீ சொல்லு." நானும் போய் டீ சொன்னேன்.

அடுத்த வாரமே நீயாகக் கேட்டு ரெக்கார்டு ரூமுக்கு மாறிக்கொண்டாய். "எழுதுனது நீதான். பட்டன அழுத்துனது என் விரலுதானே" என்றாய். அளவு தெரியாமல் சனத்தைச் சுட்டவன் என்று நம் ஆஸ்பத்திரி ஆட்களே உன்னைப் பேசினார்கள். கேட்டும் கேளாதவன் மாதிரி நடந்தேன். ஏழு மாதத்தில் நெஞ்சு வலி வந்து, வேலூர் போய்ச் சேருவதற்குள் நீ போய்விட்டாய்.

உன் வீட்டுக்குப் போனேன். உன்னை இழந்து, பிற ஆண்கள் முன் வராத இத்தா நாட்களில் இருந்ததால், பாபி திரைக்குப் பின்னாலிருந்தே பேசினார். "அண்ணா, அவரு மலை ஜனத்துக்குக் கெடுதல் பண்ணிட்டாருன்னு சொல்றாங்களே, மெய்யா?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அட்டவணை என்னுடையது, வாயை மூடிக்கொண்டவனும் நான்தான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு பாபி உன் மகளைக் கூப்பிடுவது கேட்டது. "அண்ணா, இன்னொரு தபா சொல்லுங்க. இவளும் கேக்கட்டும்."

சொன்னேன். திரைக்கு அந்தப் பக்கம் அவள் அழுகிற சத்தம் வந்த பிறகும் நிறுத்தாமல் சொல்லி முடித்தேன்.

மறுநாள் பெரிய டாக்டரிடமும் போய் நின்று அதையே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இத அப்பவே சொல்லியிருக்கலாமேப்பா. அளவத் திருத்திட்டுப் போயிருப்போம்" என்றார். அந்த வார்த்தையைத்தான் தினமும் சுமந்துகொண்டு திரிகிறேன். என் வேலை போகவில்லை, பாய்.