படகின் கடிகாரம்

12 பிப்ரவரி 1977

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் நலம். நீயும் அத்தானும் நலமா? கடிதம் தாமதமாகிவிட்டது. காரணத்தைப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

அந்த நீர்மூழ்கியைக் கண்டுபிடித்துவிட்டேன்.

இங்கே ஜெர்மனியில் கப்பல் பட்டறையில் வரைபடம் போடும் வேலை முடிந்தால் சனிக்கிழமைதோறும் ஆவணக் காப்பகத்துக்குப் போகிறேன் என்று எழுதியிருந்தேன் அல்லவா? ஜெர்மானியர்களிடமிருந்து பிடித்துப் பிறகு திருப்பித் தந்த போர்க்காலப் பதிவுகளை இப்போது எல்லோரும் பார்க்கலாம். எந்தக் கப்பலை எந்த நீர்மூழ்கி மூழ்கடித்தது என்று சண்டை முடிந்ததும் அதிகாரிகள் ஜோடி சேர்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். அப்பா கரி அள்ளிப் போட்ட சரக்குக் கப்பலுக்கு நேரே ஒரு நீர்மூழ்கியின் எண் இருக்கிறது. அதை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் நீ சுவரில் ஒட்டிவைத்துத் தினமும் திட்டுவாய்.

அந்த நீர்மூழ்கிப் படகு சண்டை முடியும்வரை தப்பிப் பிழைத்திருக்கிறது. அதில் டார்பிடோ குண்டைக் குழாயில் ஏற்றும் வேலை பார்த்த ஒருவர், ரயிலில் அரை நாள் போனால் வரும் ஊரில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். முகவரி கிடைத்துவிட்டது. போகட்டுமா? கால் நிற்கவே மாட்டேன் என்கிறது.

உன் தம்பி


3 மார்ச் 1977

அன்புள்ள தம்பிக்கு, அக்காவின் ஆசிகள்.

இதென்ன கேள்வி, போகட்டுமா என்று? இந்நேரம் போய் வந்திருக்க வேண்டாமா?

உன் கடிதத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் படித்தேன். தப்பு என்னுடையதுதான். திரும்பிப் போய் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரி கேட்டவரை சினிமாக் கொட்டகைக்கு இணைத்துவிட்டேன். "என்னம்மா இது, டாக்டரைக் கேட்டா எத்தனை டிக்கெட்டுங்கறான்?" என்று அவர் போட்ட சத்தத்தில் மேற்பார்வையாளர் எழுந்து வந்துவிட்டார்.

நீ அப்பாவைப் பார்த்ததே இல்லை. நீ பிறப்பதற்கு முன்னாலேயே கப்பல் போய்விட்டது. எனக்கு ஒன்பது வயது. அவர் கழுத்து எப்படி வியர்க்கும் என்பதுவரை எனக்குத் தெரியும். அதனால் எனக்காகப் போ. அவன் முகத்தைப் பார்த்துக் கேள். கப்பலை மூழ்கடித்துவிட்டு அன்றைக்கு என்னத்தைச் சாப்பிட்டான் என்று கேள். எனக்குச் சின்ன வயதிலிருந்து அதுதான் தெரிய வேண்டும்.

"முப்பத்தஞ்சு வயசுல பொண்ணு தேடாம நீர்மூழ்கி தேடற ஒரே ஆள் உன் தம்பிதான்" என்கிறார் உன் அத்தான். அவர் சொல்வதிலும் தப்பில்லை.

அக்கா


17 ஏப்ரல் 1977

அன்புள்ள அக்கா,

போய் வந்தேன். வந்ததிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இதைக்கூட அலமாரி மேல் தாளை வைத்து நின்றுகொண்டேதான் எழுதுகிறேன்.

நான் உள்ளே நுழைந்தபோது அவர் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், முழங்கை வரை கிரீஸ். அவர் மொழி எனக்கு அரைகுறை. அவர் மகள்தான் நடுவில் நின்று இங்கிலீஷில் சொன்னாள். பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறாள். கப்பலின் பெயரைச் சொன்னேன். அவருக்குத் தெரியவில்லை.

"எங்களுக்குப் பேரெல்லாம் தெரியாது. கேப்டன் மட்டும்தான் பார்ப்பார். நாங்க உள்ள இருந்து கேட்போம், அவ்வளவுதான்."

"என்ன கேட்டுச்சு?"

கையிலிருந்த டியூபைக் கீழே வைத்தார். "கப்பல் கீழ இறங்கும்போது உள்ளே ஒவ்வொண்ணா உடையும். தண்ணிக்குள்ள அது நல்லாவே கேட்கும்."

மகள் இதைச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டாள். அவளுக்கே அன்றைக்குத்தான் தெரியும் போலிருக்கிறது.

நீ சொன்னதையும் கேட்டேன். டின்னில் அடைத்த பழமாம். ஒவ்வொரு கப்பலுக்கும் அப்புறம் சமையல்காரர் ஆளுக்கு ஒரு கிண்ணம் கொடுப்பாராம். அதைச் சொல்லிவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதார். என்னென்ன கேட்க வேண்டும், எப்படித் திட்ட வேண்டும் என்றெல்லாம் ரயிலில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனவன் நான். அங்கிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவள் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். அவருக்கில்லை, எனக்கு.

உனக்கு ஒரு கடிதம் எழுதலாமா என்று கேட்கிறார். என்ன சொல்ல?

தம்பி


5 மே 1977

தம்பிக்கு,

பழமா?

நாங்கள் இங்கே ஒரு நாளைக்கு ஒரு வேளை சாப்பிட்டுக்கொண்டு அவருக்காகக் காத்திருந்தோம். அங்கே கிண்ணத்தில் பழம். படித்ததிலிருந்து எதையும் வாயில் வைக்கப் பிடிக்கவில்லை. உன் அத்தான் தட்டைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார்.

அவன் ஒன்றும் எழுத வேண்டாம். அழுதானாம்! அழட்டும், நன்றாக அழட்டும். அழுதால் ஆயிற்றா?

இன்னொன்று. உன் கடிதத்தில் பாதி இடத்தை அந்தப் பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் பெண்ணே அடைத்துக்கொண்டிருக்கிறாள். தண்ணீர் கொடுத்தால் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று. இனிமேல் அந்தப் பக்கம் போகாதே.

அக்கா


20 ஜூன் 1977

அன்புள்ள அக்கா,

போனேன். சனிக்கிழமைகளில் இப்போது ஆவணக் காப்பகத்துக்குப் போவதில்லை. சைக்கிள் கடைக்குத்தான் போகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் அவளைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறேன். அவளுக்கும் சம்மதம். நீ சரி என்று சொல்லாமல் தேதி குறிக்கமாட்டேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். எனக்கு அம்மாவும் நீதான், அப்பாவும் நீதான். வேறு யாரிடம் போய்க் கேட்பேன்?

இதற்கு மேல் எழுத வரவில்லை.

தம்பி


8 ஜூலை 1977

எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு, தையல் மிஷின் மிதித்து உன்னைப் படிக்க வைத்தேன். எக்ஸ்சேஞ்ச் வேலைக்காக ராத்திரிப் பள்ளியில் இங்கிலீஷ் படித்தேன். அதையெல்லாம் நான் சொல்லிக்காட்டியதே இல்லை. இன்றைக்குச் சொல்கிறேன்.

உலகத்தில் உனக்கு வேறு பெண்ணே கிடைக்கவில்லையா? அப்பாவைக் கொன்ற வீட்டில் போய் மாப்பிள்ளையாக உட்காரப் போகிறாயா? அங்கே உனக்கும் கிண்ணத்தில் பழம் வைப்பார்கள், போய்ச் சாப்பிடு.

இனி எனக்கு எழுதாதே. எழுதினாலும் பிரிக்கமாட்டேன்.


2 அக்டோபர் 1977

அன்புள்ள தம்பிக்கு,

எழுதாதே என்றால் உடனே எழுதாமல் இருந்துவிடுவதா? மூன்று மாதமாகத் தபால்காரரைப் பார்த்தாலே எரிச்சலாக வருகிறது. அவர் என்ன செய்வார், பாவம். இப்போதெல்லாம் எங்கள் தெருமுனையிலேயே சைக்கிளிலிருந்து இறங்கி, மறுபக்கமாகப் போகிறார்.

போன வாரம் உன் மாமனாராக வரப்போகிறவர் எழுதியிருந்தார். அவர் சொல்லச் சொல்ல மகள் இங்கிலீஷில் எழுதியிருக்கிறாள். உங்கள் அனுமதி இல்லாமல் எழுதுகிறேன் என்றுதான் முதல் வரியே. கிழித்துப் போடத்தான் எடுத்தேன். மன்னிப்புக் கேட்டிருந்தால் கிழித்தும் போட்டிருப்பேன். அவர் அதைக் கேட்கவில்லை. "உங்கள் தம்பி என் மகளைக் கல்யாணம் செய்துகொள்ளட்டும். நான் அந்தக் கல்யாணத்துக்கு வரமாட்டேன். நீங்கள் என் முகத்தைப் பார்க்க வேண்டியதே இருக்காது. அவர்கள் கல்யாணம் நடந்தால் எனக்கு அது போதும்" என்று எழுதியிருக்கிறார்.

தம்பி, என் கல்யாணத்தில் அப்பா நிற்க வேண்டிய இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து நின்றார். நல்ல மனிதர். ஆனால் அன்றைக்கு முழுக்க நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை. இன்னொரு பெண்ணை நான் அப்படி நிற்க வைக்கமாட்டேன். அதுவும் அவள் அப்பா உயிரோடு இருக்கும்போது.

அவருக்கு நேற்றே பதில் போட்டுவிட்டேன். என் அப்பா விஷயத்தில் உங்கள் மேல் எனக்கு இனி வருத்தமில்லை, கல்யாணத்துக்கு நீங்கள் வராவிட்டால் நானும் வரமாட்டேன் என்று எழுதியிருக்கிறேன். எழுதி முடிப்பதற்குள் ஆறு தாளைக் கசக்கிப் போட்டேன். உன் அத்தான்தான் பொறுக்கி எடுத்தார்.

தேதி குறித்துவிட்டு எழுது.

உன் அக்கா


4 அக்டோபர் 1977

அன்புள்ள அக்கா,

பிரிக்கமாட்டேன் என்றாய். இதை மட்டும் பிரித்துவிடு, தயவுசெய்து. உறையின் மேலேயும் எழுதியிருக்கிறேன்.

அவர் செய்யவில்லை அக்கா! அந்தப் படகே இல்லை!

உன் ஜூலைக் கடிதம் வந்த பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. மறுபடியும் காப்பகத்துக்குப் போய் அந்தப் படகின் அன்றாடப் பதிவை முதலிலிருந்து பார்த்தேன். இந்த நீர்மூழ்கிகள் எந்தக் கடலில் இருந்தாலும் கடிகாரத்தைத் தொடமாட்டார்கள். எப்போதும் அவர்கள் நாட்டு நேரம்தான். கப்பல்கள் அப்படியில்லை, போகிற இடத்துக்குத் தகுந்தபடி மாற்றிக்கொண்டே போகும். அப்பா கப்பலிலிருந்து தப்பியவர்கள் சொன்னது கப்பல் நேரம். படகில் எழுதியிருப்பது அவர்கள் ஊர் நேரம். இரண்டிலும் ஒரே மணி இருந்ததால் அந்த அதிகாரி இரண்டையும் ஜோடி சேர்த்துவிட்டார். மூழ்கிய இடம் யாருக்கும் சரியாகத் தெரியாததால் அவருக்குச் சந்தேகமும் வரவில்லை.

நேரத்தைத் திருத்திக் கணக்குப் போட்டுவிட்டேன். இரண்டுக்கும் நடுவே பல மணி வித்தியாசம். இவருடைய படகு அன்றைக்குத் துளைத்தது வெகு தொலைவில் வேறொரு கப்பலை. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அப்பாவின் கப்பலை மூழ்கடித்தது இன்னொரு படகு. மூழ்கடித்தோம் என்று அது கரைக்கு அனுப்பிய வானொலிச் செய்தி இருக்கிறது. மூன்று வாரம் கழித்து ஒரு விமானம் குண்டு போட்டு அதை அழித்துவிட்டது. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. பாதிப் பேருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை.

இனி உனக்குத் தடை ஒன்றும் இல்லையே? அவரிடம் இன்னும் சொல்லவில்லை. முதலில் உன் வாயால் சரி என்று வரட்டும்.

தம்பி


16 அக்டோபர் 1977

அக்கா,

உன் கடிதம் நாலு நாளைக்கு முன்னால்தான் வந்தது. என் கடிதமும் உன் கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. படித்துவிட்டு அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். வருத்தமில்லை என்று நீ எழுதியது அவர் செய்தார் என்று நம்பிக்கொண்டு! நான் கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பதற்கு முன்னாலேயே!

நேரே ரயிலேறி அவரிடம் போனேன், சொல்லிவிடலாம் என்று. முடியவில்லை. நீ எழுதியதைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் எடுத்து எடுத்துக் காட்டுகிறார். பல வருடம் கழித்து விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குகிறாராம், அவள் சொன்னாள். நீங்கள் செய்யவே இல்லை என்று சொன்னால் சந்தோஷப்படுவாரா, உடைந்துபோவாரா? எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது. கண்டுபிடித்ததையெல்லாம் அடுப்பில் போட்டுவிடட்டுமா? நீ சொல்வதைக் கேட்கிறேன்.

தம்பி


1 நவம்பர் 1977

அன்புள்ள தம்பிக்கு, அக்காவின் ஆசிகள்.

உன் இரண்டு கடிதங்களையும் வரிசையாக வைத்துப் படித்தேன். நீ நன்றாகப் படித்தவன், கணக்கும் நன்றாகப் போடுகிறாய். ஆனால் சில சமயம் மண்டையில் ஒன்றுமே இல்லாதது மாதிரி பேசுகிறாய். அன்றைக்கு அவர் படகு துளைத்தது வேறொரு கப்பலை, இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்கிறாய். டேய், அந்தக் கப்பலில் கரி அள்ளியவனுக்கு வீடு வாசல் இல்லையா? அது என்ன கப்பல் என்றாவது பார்த்தாயா? பார்த்திருக்கமாட்டாய். நம் அப்பா அதில் இல்லை, உனக்கு அது போதும்.

அதனால் அடுப்பில் எதையும் போடாதே. அவரிடம் போய்ச் சொல். கடையில் ஆள் இருக்கும்போது சொல்லாதே. கடையை அடைத்த பிறகு, அவள் பக்கத்தில் இருக்கும்போது சொல். அவர் மறுபடியும் உடைந்துபோவார், எனக்குத் தெரியும். என்றாலும், வாசலில் போய் நிற்க வேண்டியது யாருடைய வீட்டில் என்று அவருக்குத் தெரிய வேண்டாமா? அவருக்கு நான் எழுதியது என் அப்பாவுக்காக எழுதியது. அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்காக எழுத எனக்கு உரிமை கிடையாது. அந்தக் கப்பல் எது, அதில் யார் யார் போனார்கள் என்று அவருக்குத் தேடிக்கொடு. உன்னால் முடியும். என் கடிதத்தை அவர் திருப்பித் தர வேண்டாம். அது சம்பந்தி வீட்டுக்கு எழுதியது என்று வைத்துக்கொள்ளச் சொல்.

கல்யாணத்துக்கு நானும் உன் அத்தானும் வருகிறோம். லீவு கேட்டாயிற்று. அவர் முன்வரிசையில் உட்கார வேண்டும், அதில் மாற்றமில்லை. அவளிடமும் சொல்லிவிடு.

அந்த இன்னொரு படகைப் பற்றி நீ இரண்டு வரிதான் எழுதியிருக்கிறாய். மூன்று வாரம் என்று. கப்பல் கம்பெனி ஆள் வந்து அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னது கப்பல் மூழ்கி ஐந்து மாதம் கழித்து. அன்றைக்குச் சாயங்காலம்தான் நான் திட்ட ஆரம்பித்தேன். பள்ளிக்கூடம் போகும்போது, துணி துவைக்கும்போது, மிஷின் மிதிக்கும்போது. நாசமாய்ப் போக வேண்டும், தண்ணீரிலேயே சாக வேண்டும் என்று. இருபது வயது ஆகாத பையன்கள், அதற்கு வெகுநாள் முன்பே தண்ணீரிலேயே செத்துப்போயிருந்தார்கள். நான் முப்பத்தைந்து வருடம் யாரைத் திட்டிக்கொண்டிருந்தேன்?

நேற்று வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து அப்பாவுக்காக அழுதேன். உன் அத்தான் பயந்துபோய், "என்னம்மா ஆச்சு, யாருக்கு என்ன?" என்கிறார். "எங்கப்பா செத்துட்டாருங்க" என்றேன். திட்டுவதற்கு ஆள் இருந்தவரைக்கும் எனக்கு அழத் தோன்றவே இல்லை.

உன் அக்கா