கத்தி போதும் என்றேன்

மாமா,

யன்னலுக்குக் கீழே அவை வந்து நிற்கின்றன. கண்ணால் காணவில்லை, பள்ளிக்கூடத்தில் சூப்புக்கு ஊற்றும் மண்ணிறச் சாற்றின் மணம் மட்டும் வருகிறது. காட்டுப்பன்றியின் மணம் அது என்று சொன்னது நீங்கள்தான். "இந்த மணம் வந்தால் பண்டி கிட்ட நிக்குது. அசையாதை பிள்ளை." அம்மா உறங்குகிறார். போர்வைக்குள் டோர்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். மண்ணைக் கிளறும் சத்தம் நின்று நின்று கேட்கிறது. இடையில் ஒரு மூச்சு. அது உங்கள் மூச்சைப் போலவே இருக்கிறது.

நேற்று உங்கள் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்தது.

ஒரு மாதத்துக்கு முன் அன்று, எங்கள் ஊர் ஜெர்மன் வேட்டைக்காரக் கிழவர் தன் சோளத் தோட்டத்தில் ஒரு பன்றியைச் சுட்டிருந்தார். காயத்தோடு அது முட்புதருக்குள் போய்விட்டது. தேடிப்போக ஒரு துணை வேண்டும் என்று உங்களைக் கூப்பிட்டார். உங்களுக்கு டொச் பாஷை பிடிபடாததால், வைத்தியரிடம், அலுவலகத்தில் எல்லாம் வருவது போல மொழிபெயர்க்க நானும் வந்தேன். அவருடைய குசினிச் சுவரில் புதிய ஐந்து இலக்கத் தபால் எண்களின் விளம்பரம். மேசையில் ஒரு பிஸ்டல், ஒரு ரிவால்வர், ஒரு நீளக் கத்தி.

முட்புதருக்குள் நீளத் துவக்கைத் திருப்ப முடியாது என்றார். காயப்பட்ட பன்றி கையெட்டும் தூரத்தில்தான் பாயும். பிஸ்டல் தனக்குப் பழகியது. ரிவால்வர் பாரம், ஆனால் சேற்றிலும் சிக்காது. கத்தி, விழுந்த மிருகத்துக்கு மட்டும். எது வேண்டும் என்று உங்களிடம் கேட்கச் சொன்னார்.

நீங்கள் ரிவால்வரை எடுத்தீர்கள். ஒருவரும் காட்டித்தரவில்லை. பெருவிரலால் திறந்து, குண்டுகளைப் பார்த்து, மூடி, உள்ளங்கையில் பாரம் பார்த்தீர்கள். உங்கள் முகம் எனக்குத் தெரியாத ஒருவருடையதாக இருந்தது. கிழவர் உங்கள் கையையே பார்த்தார்.

"இதைத் தரச்சொல்லு பிள்ளை."

அடுத்த கிழமை உங்களுக்கு அகதி விசாரணை. "துவக்கெண்ட சொல்லே அங்க வாயில வரப்படாது" என்று அம்மா சொல்லியிருந்தார். யாராவது கண்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

"கத்தி போதும் என்கிறார்" என்று கிழவரிடம் டொச்சில் சொன்னேன்.

அவர் ரிவால்வரை வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

"தரமாட்டாராமோ? ஆள் விவரந்தான். என்னை நம்பி நானே குடுக்கமாட்டன்." நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

தோட்ட எல்லையில் நின்றேன். நீங்கள் கத்தியோடு நுழைந்த இடத்தில் முட்கள் கொஞ்ச நேரம் ஆடின. பிறகு ஆடவில்லை. ஒரு குருவிச் சத்தமும் இல்லை. நீங்கள் கத்தவேயில்லை மாமா. கிழவர் பிஸ்டலோடு மறுபக்கத்தால் சுற்றிவந்து பன்றியைச் சுட்டபோது உங்கள் தொடை கிழிந்திருந்தது. அம்புலன்ஸ் வரும்வரை இரத்தம் நிற்கவில்லை.

"துவக்கைப் பூட்டிவைச்சிட்டு என்ரை தம்பியைக் கத்தியோட அனுப்பினவன்" என்கிறார் அம்மா. செத்தவீட்டில் கிழவர் என்னிடம் கேட்டார்: ஏன் கத்தியைத் தேர்ந்தெடுத்தார்? தெரியாது என்றேன்.

நாளை நாலு மணிக்குக் கிழவர் எங்கள் வீட்டுக்கு வருகிறார். அம்மா கேட்பதை அவருக்கும், அவர் கேட்பதை அம்மாவுக்கும் நான்தான் சொல்லவேண்டும். வேறு ஆளில்லை.

"நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு. ஒண்டும் விடாதை" என்றார் அம்மா.

ஓம் என்றேன். நாளைக்கு நான் முதலில் சொல்லப்போவது அம்மாவின் வார்த்தையை அல்ல, உங்களுடையதை. ஒரு மாதமாக அது என் வாய்க்குள் அப்படியே கிடக்கிறது.