கருவாடு உன்னைக் கொல்லவில்லை, அம்மா

என்னைப் பெத்த அம்மாவுக்கு,

நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது என்பது உனக்குத் தெரியும். வீட்டுக்கு வேற்றாள் வந்தால் அடுப்படிக்குள் போய்விடுவேன். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியபோது, டீச்சர் கேள்வி கேட்கும் தொல்லையாவது விட்டது என்று நீயே சிரித்தாய். அதனால் எழுதுகிறேன். உன்னைப் பற்றி மலை முழுக்கப் பேசியவர்கள் இதையும் படிக்கட்டும்.

நீ எதனால் செத்தாய் என்று நம் ஊரில் கேட்டால் கருவாட்டால் என்பார்கள். சினைப்பையில் வந்த புற்றுநோய்க்கு இதில் பங்கே இல்லை. சந்தையில் வாங்கிய நெத்திலிக் கருவாடு உன்னைக் கொன்றதாம். அதைக் குழம்பு வைத்துக் கொடுத்த நான் கொலைகாரி. அப்பாவின் அக்கா, நம் வீட்டு மகாராணி அத்தை, கண்டுபிடித்துச் சொன்ன உண்மை இது. அவரை மரியாதையாகத்தான் எழுதுகிறேன். கை பழகிவிட்டது.

நீ மலையிறங்கி ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டு வருவாய். வேர் மருந்துக்கு வைக்கிற பத்தியத்தை அத்தை அந்த மருந்துக்கும் வைத்தார். புளி ஆகாது, கருவாடு ஆகாது, முட்டை ஆகாது, தாளிக்கக் கூடாது. எந்த டாக்டர் சொன்னார்? ஒருவரும் சொல்லவில்லை. வாந்தி எடுத்துத் துவண்டு கிடந்தவளுக்கு உப்பில்லாத சாமைக் கஞ்சி. உப்பியிருந்த வயிறு வற்றி நீ மரவள்ளிக் கொல்லைக்கு நடந்து போனதும், "என் பத்தியந்தான் காப்பாத்திச்சு" என்று வீடு வீடாகச் சொல்லிக்கினு திரிந்தார். நோய் திரும்பி வந்து, அதே மருந்து கேட்காமல் போனதும், நீ பத்தியத்தை மீறியவள் ஆனாய். பிழைத்தால் பேர் அத்தைக்கு, செத்தால் பழி உனக்கு. இதைவிட வசதியான வைத்தியம் உண்டா?

டாக்டரம்மா சொன்னதைக் கேட்டது நாம் இரண்டு பேர்தான். "நான் வாயக் கட்டாததாலதான் மருந்து கேக்கலீங்களா?" என்று நீ கேட்டாய். அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார்.

"நீங்க சாப்புட்டதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்கம்மா. முட்டை, மீனு எல்லாம் நல்லா சாப்புடுங்க" என்றார்.

அப்புறம் பொறுமையாகச் சொன்னார். உடம்பில் உள்ள எல்லாச் செல்லுக்கும் மேலே சர்க்கரையால் ஆன மெல்லிய போர்வை இருக்கிறதாம். புற்றுச் செல் அந்தப் போர்வையைத் தனக்குத் தோதாக மாற்றிக்கொள்ளுமாம். அதனால், செத்துப்போ என்று உடம்பு அனுப்பும் கட்டளையை வாங்க வேண்டிய, செல்லின் மேலுள்ள இடம் சரியாக வேலை செய்யாதாம். சில நேரம், உள்ளே போன மருந்தை வெளியே தள்ளவும் இந்தச் சர்க்கரை துணை நிற்குமாம். முதலில் ஏற்றிய மருந்தில் நிறையச் செல்கள் செத்தன. தப்பிப் பிழைத்தவை பெருகி வந்தபோது அதே மருந்து எடுபடவில்லை. இது ஒரு காரணம்தான், இன்னும் பல இருக்கின்றன, முழுக்க எங்களுக்கும் தெரியாது என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன ஒருவரை அன்றுதான் பார்த்தேன்.

வெளியே வந்து நீ என்ன சொன்னாய்? "இத வூட்ல சொல்லாத. பத்தியத்தப் புடுங்கிட்டா உங்கத்தைக்கு வேற இன்னா வேல இருக்குது?" சிரித்ததில் உனக்கு மூச்சு வாங்கியது.

உன்னைத் தூக்கிய அன்று அத்தை என்னைச் சொன்னதெல்லாம் உனக்குக் கேட்டிருக்காது. அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகையா, அக்காவிடம் பயமா?

இப்போது ஒரு சேதி. உன் தங்கச்சிக்கு, அப்பாவின் தம்பி சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு பக்கத்து வீட்டில் இருக்கிற சித்திக்கு, வயிறு உப்பியிருக்கிறது. ரெண்டு வாய் சாப்பிட்டால் போதும் என்கிறாள். உனக்கும் இப்படித்தானே தொடங்கியது? கூடப் பிறந்தவர்களும் வந்து பார்த்துக்கொள்ளணும் என்று டாக்டரம்மா அப்போதே சொன்னார். வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். பார்த்தால்தானே தெரியும்? அத்தைக்குப் பார்க்காமலே தெரிந்துவிட்டது. வாயுவாம். பத்தியம் தொடங்கியாயிற்று.

நேற்று மத்தியானம் அத்தை சித்தி முன்னால் கஞ்சியை வைத்தபோது என் வாய் திறந்தது.

"நாளைக்கு சித்திய ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறேன்."

"ஐயே, ஊமைக்குப் பேச்சு வருது. உங்கம்மாவுக்கு அந்த ஊசி இன்னா கிழிச்சுது?"

"மொத தடவ கேட்டுச்சுங்க அத்த. அப்பறந்தான் கேக்கல. அந்தச் செல்லு மேல சக்கரையால ஒரு போர்வ இருக்குதாம், அது..."

"சக்கரையா? டீயில ஜாஸ்தி போட்டுக் குடிச்சாளே. நான் அப்பவே சொன்னேன்."

ஆகாதவற்றில் இன்னொன்று சேர்ந்துவிட்டது, அம்மா. அவர் வைத்தியம் இப்படித்தான் வளர்கிறது.

"டீயில போடறது இல்லீங்க. ஒடம்பே பண்ணிக்கிறது. உங்க ஒடம்புலயும் இருக்குது."

"என் ஒடம்புல அந்த மாதிரி எதுவும் கெடையாது."

சித்தி சிரித்துவிட்டாள். கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். "காலைல மொத பஸ் எத்தினி மணிக்குடீ?" என்று என்னைக் கேட்டாள்.

அத்தை சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா கூரையைப் பார்த்தார். நம் வீட்டு ஆம்பளைகளுக்குக் கஷ்டமான நேரத்தில் பார்க்க ஏதாவது கிடைத்துவிடுகிறது.

இதை ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். சித்தி ஸ்கேனுக்கு உள்ளே போயிருக்கிறாள். என்ன வரும் என்று தெரியவில்லை. பயமாக இருக்கிறது. ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். நோய் என்றே வந்தாலும், மருந்து கேட்டால் மருந்து கேட்டது என்று சொல்வோம். கேட்காவிட்டால் கேட்கவில்லை என்று சொல்வோம். நோயில் கிடப்பவள் தட்டில் குற்றம் தேட இனி ஒருத்தரையும் விடமாட்டேன்.

கதவைத் திறந்து நர்ஸ் கேட்கிறார், "இவங்க கூட யாரு வந்திருக்கீங்க?"

நான்தான். போய்வருகிறேன்.

உனக்கு மகள்,
இன்றைக்கு உன் தங்கச்சிக்கும் மகள்.