ஒரு தரம் கூப்பிட்டா வாரேன்

அருமை மச்சான் காத்தமுத்துக்கு,

நீ போய் மூணு வருசம் ஆச்சு. செத்தவனுக்கு என்னடா கடுதாசி, தபால்காரன் எந்த ஊருக்கு பஸ் ஏறுவான்னு கேலி பண்ணுவே. பண்ணிக்கோ. இதைத் தபால்ல போடப்போறதில்லை. வர்ற வியாழக்கிழமை நம்ம பஞ்சாயத்து ரேடியோ ரூம்புல, எல்லாரும் உக்காந்திருக்கும்போது சத்தமா வாசிக்கப்போறேன். அஞ்சாப்போட படிப்பை நிறுத்தினவன் எழுத்து. கரி அள்ளுற கை வேற, காகிதமெல்லாம் கருப்பா அப்பிக்கிடக்கு. பொறுத்துக்கோ.

முதல்ல வீட்டுச் சேதி. உன் தங்கச்சி ராக்கு நடமாடிக்கிட்டிருக்கா, முட்டிவலிதான் விடமாட்டேங்குது. கண்மாய்ல இந்த வருசமும் கணுக்கால் தண்ணிதான். உன் வண்டிமாட்டை பாலவனத்தம் ஊர்க்காரர் ஒருத்தர் ஓட்டிக்கிட்டுப் போனாரு, நல்லா வச்சிருக்காராம். உன் நாய் செவலை எங்க வாசல்லதான் கிடக்கு. அதைப் பத்திப் பின்னால சொல்றேன், அதுக்கும் இதுல சோலி இருக்கு.

ரேடியோ ரூம்புக்குப் புதுசா வந்திருக்கிற ஆளுகளுக்கு உன்னைத் தெரியாது. அதனால கொஞ்சம் பழசைச் சொல்லித்தான் ஆகணும். நான் வேலிக்கருவை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறவன். அந்தக் கரியை லோடு ஏத்தி அருப்புக்கோட்டைக்கு வண்டி பத்திக்கிட்டுப் போறவன் நீ. மதுவிலக்கு இருந்த காலத்துலயே வேலிக்காட்டுக்குள்ள கள்ளச்சாராய ஊறல் எங்க இருக்குன்னு மோந்தே கண்டுபிடிச்ச ஆளுக நாம. எழுபத்தொண்ணுல அரசாங்கமே கடையைத் திறந்துவிட்டதும் கேக்கணுமா? பொழுது சாயுறதுக்குள்ள ஊர்ல பாதிப் பேருக்கு வேட்டி இடுப்புல நிக்காது.

உன்னைக் குடியை நிறுத்த வச்சது மாடு. ஒரு நாள் காலையில மூக்கணாங்கயிறு மாத்தப் போனே. கை நடுங்கின நடுக்கத்துல மாட்டு மூக்கைக் கிழிச்சிட்டே. அது உன்னை முட்டலை, உதைக்கலை, ரத்தம் ஒழுக ஒழுகப் பார்த்துக்கிட்டே நின்னுச்சாம். அன்னைக்கே திருச்சுழிக்கு பஸ் ஏறிப் போய் டிஸ்பென்சரி கம்பவுண்டர் காலடியில உக்காந்துட்டே. அவரு, தனியாளா விடுறது கஷ்டம்ப்பா, நாலு பேரைச் சேர்த்துக்கோன்னாரு. நீ திரும்பி வந்து பிரசிடெண்டுகிட்ட ரேடியோ ரூம்புச் சாவியைக் கேட்டு வாங்கினே. கடைக்குப் போற நேரமும் ரேடியோ பாடுற நேரமும் ஒண்ணுதானே, அந்த நேரத்துக்கு இங்க உக்காந்திருவோம்னு சொன்னே. அவ்வளவுதான் நம்ம சங்கம். போர்டு கிடையாது, தலைவர் கிடையாது. வியாழக்கிழமைக்கு வியாழக்கிழமை கம்பவுண்டர் வந்து நாடி பார்த்து, சத்து மாத்திரையும் குளுக்கோஸும் குடுத்துட்டுப் போவாரு.

புதுசா நிறுத்துறவனை மொத மூணு நாள் தனியா விடக்கூடாதுன்னு அவரு சொன்னது எதுக்குன்னு எனக்குப் பட்ட பிறகுதான் தெரிஞ்சது. நான் குடியை நிறுத்தின ரெண்டாம் நாள் ரேடியோப் பெட்டிக்குள்ள இருந்து செவ்வெறும்பு சாரை சாரையா இறங்கி என் கால்ல ஏறுச்சு. அலறினேன். அங்க ஒரு எறும்பும் இல்லை. ஆனா நீ இல்லைன்னு சொல்லலையே மச்சான். வெளக்கமாத்தை எடுத்துக்கிட்டு வந்து உக்காந்து கூட்டிக்கிட்டே இருந்தே. "இந்தப் பக்கம் தள்ளிட்டேன் மாப்ளே, இன்னும் எங்க இருக்கு சொல்லு"ன்னு ஒன்றரை நாள் கூட்டினே. பெத்தவ செய்வாளா அதை?

அப்புறம் அந்தச் சட்டம் போட்டே. யாருக்குக் குடிக்கணும்னு தாகம் வந்தாலும் பக்கத்துல இருக்கிற நம்ம ஆள் வீட்டு வாசல்ல போய்க் கூப்பிடணும். கூப்பிட்டா, போட்டது போட்டபடி எந்திரிச்சு வரணும். ரெண்டு பேரும் கண்மாய்க்கரை மடை வரைக்கும் நடந்துட்டுத் திரும்பணும், அதுக்குள்ள தாகம் இறங்கிரும்.

அப்பத்தான் யாரோ ஒருத்தர் ஒரு சந்தேகம் கேட்டாரு. நம்ம பக்கத்து வழக்கம் எல்லாருக்கும் தெரியும். உச்சி வெயில்லயோ கருக்கல்லயோ வாசல்ல பேர் சொல்லிக் கூப்பிட்டா ஒரு தரத்துக்கு ஏன்னு பதில் குடுக்கக் கூடாது. பேய் ஒரு தரம்தான் கூப்பிடும், மனுசன்னா மூணு தரம் கூப்பிடுவான். அதனால மூணு தரம் கூப்பிட்டா வாரோம்னாரு. நீ சிரிக்கலை. "மூணு தரம் கூப்பிடச் சொல்லாதீக. குடிச்சுக் கெட்டவனுக்கு ஒரு தரம் கூப்பிடத்தான் தெம்பு இருக்கும். ஒரு தரத்துக்கே வாங்க"ன்னு சொன்னே. சரின்னு தலையாட்டின பதினோரு பேர்ல நானும் ஒருத்தன்.

எழுபத்துநாலுல கடையை மூடினாக. ஊரே கும்பிட்டுச்சு. ஆனா தாகத்தை யாரு மூடுறது? பந்தல்குடி ரோட்டுல லாரி நிக்கிற இடத்துல எவனோ வார்னிஷை எலுமிச்சம்பழம் பிழிஞ்சு விக்கிறான்னு பேச்சு வந்துச்சு. நீ வீடு வீடாப் போய், அதைத் தொடாதீகடா, கண்ணைத் தின்னுரும்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சே.

இனி எழுதப்போறது உனக்குத் தெரிஞ்சது. மத்தவுகளுக்குத் தெரியாதது.

அது பங்குனி மாசம். விடியக்காலம் மூட்டத்தைப் பிரிச்சுட்டு வந்திருந்தேன், உள்ளங்கால் ரெண்டும் வெந்துபோயிருந்துச்சு. உச்சிப்பொழுது. தெருவுல காக்கா குருவி இல்லை. கம்மங்கஞ்சியில கை வச்சேன். வாசல்ல முள்ளுப் படலுக்கு அந்தாண்ட இருந்து "மாப்ளே"ன்னு ஒரு குரல்.

ஒரே ஒரு தரம்.

ராக்கு, "அண்ணன் குரலு"ன்னு சொல்லிக்கிட்டே எந்திரிச்சா. நான் அவ கையைப் பிடிச்சேன். "உச்சி நேரம். ஒரு தரம்தான் கேட்டிருக்கு. உக்காரு"ன்னேன். பேயி எங்க அண்ணன் குரல்லயா வரும்னு கேட்டா. தெரிஞ்ச குரல்லதான் வரும்னேன்.

பேய்க்குப் பயந்தா அப்படிச் சொன்னேன்? இத்தனை நாள் அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். இல்லை மச்சான். நீதான்னு எனக்குத் தெரியும். போனா மடை வரைக்கும் நடக்கணும், அந்த வெயில்ல, வெந்த காலோட. அவசரம்னா இன்னொரு தரம் கூப்பிடட்டுமேன்னு கஞ்சியைக் குடிச்சேன். சோம்பேறித்தனத்துக்குப் பேய் மேல பழியைப் போட்டுட்டுப் படுத்துத் தூங்கினேன். தூக்கமும் வந்துச்சு, அதைச் சொல்லத்தான் வாய் கூசுது.

பொழுது சாய எந்திரிச்சுப் பார்த்தா, படல் மேல உன் துண்டு கிடந்துச்சு. எவ்வளவு நேரம் நின்னே? நிழல் ஒரு சாண் கூட இல்லாத இடமாச்சே. இன்னொரு தரம் கூப்பிட வாய் எடுத்தியா?

அங்க இருந்து பந்தல்குடி ரோட்டுக்குப் போய் அந்த வார்னிஷைக் குடிச்சிருக்கே. மறுநாள் அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில உன் கட்டிலோரம் நின்னேன். ஜன்னல் வழியா வெயில் உன் மூஞ்சியில அடிக்குது. நீ கேட்டே, "பட்டப்பகல்ல ஏன்டா விளக்கை அணைச்சிட்டீக?" நான் நிக்கிறது உனக்குத் தெரியலை. நானும் வாயைத் திறக்கலை. கடைசி வரைக்கும், பெருமாளைக் கூப்பிட்டேன், அவன் வரலைன்னு ஒரு வார்த்தை யார்கிட்டயும் நீ சொல்லலை. சொல்லியிருந்தா நான் கொஞ்சம் நிம்மதியா இருந்திருப்பேன்.

காரியம் முடிஞ்சு முதல் வியாழக்கிழமை, கம்பவுண்டர் கேட்டாரு. காத்தமுத்து யாரையாவது கூப்பிட்டானாப்பான்னு. எல்லாரும் இல்லைன்னு தலையாட்டினாக. நானும் ஆட்டினேன். அத்தோட ஊர் பேச ஆரம்பிச்சிருச்சு. சங்கம் வச்சவனே கூப்பிடாமப் போய்க் குடிச்சிட்டான், இவுக சட்டமும் இவுகளும்னு. அதைக் கேட்டுக் கேட்டு ஆளுக கழண்டாக. பதினோரு பேரு நாலு பேரானோம். உன் துண்டை நான் கரிச் சாக்குக்கு அடியில ஒளிச்சு வச்சேன். ராக்கு எல்லாம் தெரிஞ்சும் என்னைக் காட்டிக் குடுக்கலை. என்கூடச் சிரிக்கவும் இல்லை.

அதுக்கப்புறம்தான் அது ஆரம்பிச்சது. உச்சிப்பொழுது, நான் தட்டுல கை வைக்கிற நேரம் பார்த்து, "மாப்ளே"ன்னு ஒரு தரம். முதல்ல பிரமைன்னு நினைச்சேன், எறும்பு மாதிரி. கம்பவுண்டர்கிட்டயே கேட்டேன், நிறுத்தி இத்தனை வருசம் கழிச்சும் அப்படி வருமான்னு. வராதேன்னாரு. பிரமைன்னா எனக்கு மட்டும்தானே கேக்கணும்? அடுப்பங்கரையில ராக்கு கரண்டியை வச்சிட்டு நிமிருவா. செவலை படுத்த இடத்துல இருந்து எந்திரிச்சு, குரைக்காம, படலுக்கிட்டப் போய் வாலாட்டும். அந்நியம்னா குரைச்சே ஊரைக் கூட்டுற நாய் அது.

குறி சொல்ற கோடாங்கியைக் கேட்டேன். வாசல்ல வேப்பிலை கட்டி எலுமிச்சம்பழம் அறுத்துப் போடுன்னாரு. வேப்பங்குலையை ஒடிச்சுக்கிட்டு வந்தா, உன் தங்கச்சி அதைப் பிடுங்கி ஆட்டுக்குப் போட்டுட்டா. "எங்க அண்ணனையா வாசல்ல தடுக்கப் பார்க்கீக? ஒரு தடவை தடுத்தது போதாதா?" மூணு வருசத்துல அவ அதைப் பத்திப் பேசினது அதுதான் முதல் தடவை. அன்னையில இருந்து, குரல் கேட்டா தட்டைத் தள்ளி வச்சிட்டு வெளியே போக ஆரம்பிச்சேன். போனா யாரும் இருக்க மாட்டாக. வெள்ளை வெயிலும் புழுதியும்தான். ஒண்ணு மட்டும் சொல்றேன், நம்புறவன் நம்பட்டும். படலுக்கு அந்தாண்ட ஓர் ஆள் நிக்கிற அளவு இடம் மட்டும் தரை குளிர்ந்திருக்கும். செருப்பில்லாத காலுக்குத் தெரியும்.

போன மாசம் ஒரு நாள், குரல் கேட்டு வெளியே வந்தா, செவலை படலுக்கிட்ட நிக்கலை. கண்மாய்க்கரைப் பக்கம் ஓட்டம் பிடிச்சுச்சு. கொஞ்ச தூரம் ஓடித் திரும்பிப் பார்க்கும், திரும்ப ஓடும். நானும் பின்னாலயே போனேன். மடைக்குப் பக்கத்துல கருவமரத்தடியில கொத்தனார் சேது உக்காந்திருந்தான். உனக்குத் தெரியாது அவனை, நீ போனப்புறம் சங்கத்துக்கு வந்தவன். ஒரு மாசம் இருந்துட்டு நின்னுட்டான். மடியில ஒரு பாட்டில். மூடி திறக்கலை. தூக்கிப் பார்த்தேன், வார்னிஷ் வாடை.

என்னைக் கூப்பிட்டுட்டு இங்க எதுக்குடா வந்து உக்காந்திருக்கேன்னு அதட்டினேன். அவன் என்னை ஒரு மாதிரியாப் பார்த்தான்.

"நான் கூப்பிடலையேண்ணே. உங்க வாசல் வரைக்கும் வந்தேன். வெக்கமா இருந்துச்சு. கூப்பிடாமலே திரும்பிட்டேன்."

அந்த வெயில்ல எனக்குக் குளிர் எடுத்துருச்சு மச்சான். பாட்டிலை மடையில உடைச்சேன். அவனை நடத்தியே வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வந்தேன். மூணு நாள் நானும் ராக்குவும் மாத்தி மாத்தி அவன்கூட உக்காந்திருந்தோம். அவனுக்குச் சுவர்ல பாம்பு தெரிஞ்சுச்சு. நான் வெளக்கமாத்தை எடுத்துக்கிட்டேன். இப்போ வியாழன் தவறாம வாரான்.

அவன் தெளிஞ்ச அன்னைக்கு ராக்கு எனக்குக் கஞ்சி ஊத்திட்டுப் பக்கத்துல உக்காந்தா. "அண்ணன் உங்களை ஏச வரலை. கூப்பிட வெக்கப்படுறவனுக்காக அது கூப்பிடுது. நீங்கதான் இன்னும் அண்ணனை, யாரையும் கூப்பிடாமச் செத்தவன்னு ஊர் பேச விட்டு வச்சிருக்கீக"ன்னா. அப்புறம் கரிச் சாக்கை நகர்த்தி உன் துண்டை எடுத்துத் துவைச்சுக் காயப்போட்டா. அது எங்க இருக்குன்னு அவளுக்கு இத்தனை நாளும் தெரிஞ்சிருக்கு.

அதனாலதான் இந்தக் கடுதாசி. ரேடியோ ரூம்புல இருக்கிற எல்லாரும் கேளுங்க. காத்தமுத்து கூப்பிட்டான். அவன் போட்ட சட்டத்தை அவன் மீறலை. ஒரு தரம் கூப்பிட்டான், வெயில்ல நின்னான். சட்டத்தை மீறினவன் நான். இதை வாசிச்ச பிறகு என்னைக் காறித் துப்பணும்னா துப்பிக்கோங்க, சங்கத்தை விட்டு மட்டும் போயிராதீக. அந்தத் துண்டை ரூம்பு ஆணியில மாட்டப்போறேன். யாரும் அதை எடுக்க வேண்டாம்.

மச்சான், உனக்கு ஒரு சத்தியம். இனி என் வாசல்ல எவன் வந்து நின்னாலும், ஒரு தரம் கூப்பிட்டாப் போதும். உச்சிப்பொழுதோ கருக்கலோ, மனுசனோ பேயோ, கேட்ட அடியில எந்திரிச்சு வருவேன். ஒண்ணு மட்டும் மனசுல உறுத்துது. உண்மையைச் சொல்லிட்டான்ல, இனி இவனுக்கு எதுக்குன்னு நீ கூப்பிடுறதை நிறுத்திருவியோ? நிறுத்திராதே. கூப்பிட வெக்கப்படுறவுக இன்னும் எத்தனையோ பேரு இருக்காக, எனக்கு அவுக யாருன்னு எப்படித் தெரியும்?

எழுதிக்கிட்டே உச்சி ஆயிருச்சு. ராக்கு தட்டு வச்சுட்டா. செவலை எந்திரிச்சு நிக்குது, குரைக்கலை, வாலாட்டுது.

கேட்டுருச்சு மச்சான். இந்தா வாரேன்.

அன்னைக்கு வராத உன் தங்கச்சி புருசன்,
பெருமாள்