இந்த வருஷம் கரடி

ஆடி 19, திங்கள்

காற்று. காலையில் துடைத்த கண்ணாடிப் பெட்டியில் மத்தியானத்துக்குள் மறுபடி புழுதி. கிரீடங்களை எல்லாம் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டேன். வாங்க வேண்டியது: ஜிகினா, பசை, சூலத்துக்கு சில்வர் பெயிண்ட், இவருக்கு பிரஷர் மாத்திரை.

குலசை தசராவுக்கு இன்னும் ஒன்றரை மாதம்தான். வருஷம் முழுக்க நாங்கள் சாப்பிடுவது அந்தப் பத்து நாளில் அம்மனுக்கு நேர்ந்து வேஷம் கட்டுகிறவர்களுக்குச் சாமான் விற்றுத்தான். மதுரைக்காரருக்கு இப்போதே ஆர்டர் சொன்னால்தான் சரக்கு நேரத்துக்கு வரும். எந்த வேஷம் போகும் என்று இவர் சொல்லுவார், நான் போன் பண்ணுவேன். இன்று சொன்னது: "கரடி அம்பது."

கரடியா! கரடி ஓடியது எங்களுக்குக் கல்யாணமான புதிதில். போன வருஷம் விற்றது மூன்று. அதிலும் ஒன்று திரும்பி வந்தது.

"யாரு கேட்டா கரடி?"

"மூஞ்சி, ஏளா, மூஞ்சி" என்றார். அவ்வளவுதான் விளக்கம். டீ குடிக்கப் போய்விட்டார்.

இந்த ஏளா வேறு. கடைக்கு வருகிற பெண்களுக்கெல்லாம் "வாங்கம்மா, உக்காருங்க". எனக்கு மட்டும் கல்யாணமான நாளிலிருந்து ஏளாதான். ஒரு நாளாவது என்னை வாங்க என்று சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று சண்டைகூட போட்டிருக்கிறேன்.

ஆடி 21, புதன்

மதுரைக்குப் போன் பண்ணவில்லை. நாளைக்கு, நாளைக்கு.

பிள்ளைகளுக்கு போலீஸ் உடுப்பு வாங்கு என்று இவர் சொன்ன வருஷம் பஜாரே சிரித்தது. கொடியேற்றத்துக்கு முன்பே தீர்ந்துபோனது. அதனால் கரடியைச் சட்டென்று தள்ளவும் முடியவில்லை.

இவருக்கு மட்டும் எப்படித் தெரிகிறது என்று கேட்காதவர் இல்லை. மூளை என்று சொல்ல மாட்டேன், கணக்கில் நான்தான் கெட்டி. வெட்கம் கிடையாது, அதுதான். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பது யாரானாலும் பேச்சுக் கொடுப்பார். பேசவிட்டுக் கேட்பார். தான் நினைத்தது தப்பு என்று தெரிந்தால் அன்றைக்கே விட்டுவிடுவார். நானென்றால் சொன்ன சொல்லைப் பிடித்து ஒரு வருஷம் தொங்குவேன். அப்புறம், சும்மா நிற்கத் தெரியும். டீக்கடையில் ஒரு டீயோடு ஒரு மணி நேரம்.

கடையில் நிற்கிற செல்விக்கு இன்று பாடம் நடத்தினார். "ஒருக்கா நடந்தா காத்துன்னு விட்டுரு. ரெண்டாவது நடந்தா உத்துப் பாரு. மூணாவது நடக்கையில ஊருக்கே தெரிஞ்சிரும், பெறவு நீ பாத்து என்ன புண்ணியம்?"

சாயங்காலம் நடந்தே வீட்டுக்கு வந்தார். வண்டி களவு போய்விட்டதாம். போய்ப் பார்த்தால் டீக்கடை வாசலிலேயே நிற்கிறது, சாவி அதிலேயே.

ஒருக்கா. காற்று.

ஆவணி 3, செவ்வாய்

டீக்கடைக்காரர் போன். "மதினி, அண்ணாச்சி உங்க பழைய கடைய சாவி போட்டுத் தொறக்கப் பாக்காரு. கொஞ்சம் வாங்க."

அந்தக் கடையைக் காலி பண்ணி எவ்வளவு காலமாயிற்று. இப்போது அங்கே செல்போன் கடை. ஷட்டர் முன்னால் வேர்த்து விறுவிறுத்து நிற்கிறார். "பூட்ட எவம்ல மாத்துனது?" ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் மீன் விலை பேசினார், சரியாகவே பேசினார்.

ரெண்டாவது. உற்றுப் பார்க்கவேண்டும். எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

சென்னைக்கு மகனிடம் பேசினேன். "அப்பா என்னைக்கும் அப்படித்தானம்மா. ஏதாவது யோசனையில இருந்திருப்பாரு." ஆமா என்று வைத்துவிட்டேன்.

உடனே மதுரைக்குப் போன். கரடி ஐந்து போதும், மிச்சத்துக்குக் காளி கிரீடம், சடைமுடி. பழைய கடை இன்னும் இருக்கிறது என்று நினைக்கிறவருக்குக் கரடியும் அந்தக் காலத்துக் கரடிதானே. இவரிடம் சொல்லவில்லை. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஆவணி 20, வெள்ளி

சரக்கு வந்தது. பெட்டி பெட்டியாகப் பிரித்துத் தேடினார்.

"கரடி அஞ்சுதான இருக்கு. மிச்சம் எங்க, ஏளா?"

"பின்னால வருது."

"சரி" என்றார். முன்பென்றால் லாரி ஆபீஸுக்கே போய் நின்றிருப்பார். நம்பிவிட்டார், அதுதான் தாங்கவில்லை.

திருநெல்வேலியில் நரம்பு டாக்டரிடம் டோக்கன் சொல்லியாயிற்று. தசரா முடிந்து.

புரட்டாசி 7, செவ்வாய்

இன்று கொடியேற்றம். வெயில். விடிந்ததிலிருந்து கூட்டம்.

முதலில் மாப்பிள்ளையூரணி தசரா குழுவிலிருந்து ஒரு பையன். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை, லீவு போட்டு வந்திருக்கிறான். "மூஞ்சி தெரியாத வேசமா ஏதாவது இருக்கா, அக்கா? வேசம் போட்டு வீடு வீடாத் தருமம் எடுக்கையில எவனாவது வீடியோ எடுத்துப் போட்டுருதான். ஆபீஸ்ல பாத்துச் சிரிக்கானுவ."

கரடியை எடுத்துக் கொடுத்தேன்.

அப்புறம் ஆறுமுகநேரி ஆட்கள், அதே பேச்சு. கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர், அதே. அம்மனுக்கு நேர்ந்ததை விடவும் முடியாது, போனில் வரவும் கூடாது. கரடி ஐந்தும் பத்து மணிக்குள் போயிற்று. குரங்கு முகமும் போயிற்று. பிறகு வந்தவர்கள் வேறு கடைக்குப் போனார்கள். காளி கிரீடம் கூரை வரைக்கும் அடுக்கிக் கிடக்கிறது.

மூஞ்சி, ஏளா, மூஞ்சி. டீக்கடையில் பையன்கள் பேசியதைக் கேட்டிருக்கிறார். பூட்டை மறந்த தலைதான் இதையும் கண்டுபிடித்திருக்கிறது. இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெரிய கெட்டிக்காரி நான்.

இவர் குத்திக்காட்டவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புரட்டாசி 9, வியாழன்

மாத்திரை வாங்கினேன். பெயிண்ட் தீர்ந்தது.

சாயங்காலம் கடை கொள்ளாத கூட்டம். மாப்பிள்ளையூரணிப் பையன்கள் சலங்கை வாங்க மறுபடி வந்திருந்தார்கள். நான் பக்கத்துக் கடையில் சில்லறை மாற்றிக்கொண்டு படியேறினேன். இவர் ஸ்டூலிலிருந்து எழுந்தார். நாற்காலியைத் துண்டால் தட்டி என் பக்கம் நகர்த்தினார்.

"வாங்கம்மா, உக்காருங்க. உங்களுக்கு என்ன வேசம்?"

பையன்கள் சிரித்தார்கள், கேலி என்று நினைத்து. செல்வி சிரிக்கவில்லை. அவளைப் பார்த்து அவர்களும் நிறுத்திவிட்டார்கள். மூணாவது.

இவர் காத்திருந்தார். வந்தவர் சொல்வதைக் கேட்க எப்போதும் நிற்பாரே, அதே மாதிரி, என் முகத்தையே பார்த்துக்கொண்டு. உட்கார்ந்தேன்.

"மூஞ்சி தெரியாத வேசமா குடுங்க" என்றேன்.

"அப்பம் கரடிதாம்மா நல்லது. சொல்லியிருக்கேன், பின்னால வருது. ரெண்டு நாள் கழிச்சு வாங்க."

சரி என்றேன்.