கல்லுக்கு ஒரு வாய்த் தண்ணீர்

அப்பா,

இன்று காலை அரிசி கழுவும்போது, அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் என் கை தானாக ஒரு கிண்ணத்தில் பிடித்து வைத்தது. அதன் வாசத்தோடு நின்றுகொண்டிருந்தபோதுதான் யன்னலோரத்துக் கள்ளியைப் பார்த்தேன். பூத்திருக்கிறது.

நான் பட்டம் பெற்ற அன்று தாவரவியல் ஆய்வுகூடத்தில் தந்த செடி. நம் வீட்டில் அதுதான் முதல் பட்டம். நீங்கள் தொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். "மூண்டு வருசம் படிச்சதுக்கு உனக்கு ஒரு கல்லையோ தந்தவங்கள்?"

கல்போலத்தான் இருக்கும். முள்கூட இல்லை. மெக்சிக்கோவின் பாலைநிலத்தில், சுண்ணாம்புக் கற்களுக்கிடையே வளர்வது. மழையில்லாத மாதங்களில் உடல் சுருங்கி மண்ணுக்குள் இறங்கிவிடும். மேலே தூசி மூடிவிடும். கிழங்குபோன்ற வேரில் இருக்கிற நீரோடு காத்திருக்கும். குளிர்காலத்தில் ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது, அழுகிவிடும் என்று உங்களிடம் சொன்னேன்.

"இஞ்ச நாள் முழுக்க மழை. இதுக்கு மட்டும் விரதமோ?" என்றீர்கள்.

போன மே மாதம் உங்கள் கால்கள் வீங்கின. இதயம் பலவீனம், உடலில் நீர் தேங்குகிறது, அளந்துதான் குடிக்க வேண்டும் என்றார் டாக்டர். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை உங்களுக்குத் தமிழில் சொன்னவள் நான். கண்ணாடி ஜாடியில் நீலப் பேனாவால் கோடு போட்டவளும் நான். ஒரு நாளைக்கு அந்தக் கோடு வரைதான். தேநீரும் அதற்குள்தான்.

மங்கரே விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் வேலையை விட்டபின் சமையல் உங்களுடையதாயிற்று. இங்கே குளிர்காலம் தொடங்கிய யூனில் ஒருநாள் மாலை நான் வந்தபோது, ஊரில் கறிவேப்பிலைக்கு வார்ப்பதுபோல அரிசி கழுவிய தண்ணீரைக் கள்ளிக்கு வார்த்துக்கொண்டிருந்தீர்கள். பஸ்ஸை நிறுத்த மணியடிக்கவும் கூசுகிற நான் அன்று கத்தினேன்.

"அப்பா, அதைக் கொல்லப் போறீங்கள்!"

நீங்கள் கிண்ணத்தைக் கீழே வைத்தீர்கள். "தாகம் எண்டால் என்னெண்டு எனக்குத் தெரியும், பிள்ளை. அதுக்கு வாயில்லை, கேக்காது."

ஈர மண்ணை உதறி, வேரைக் காயவைத்து, வேறு மண்ணில் நட்டேன். பிழைத்துக்கொண்டது.

யூலையில் ஒரு மாலை ஜாடி காலியாகிவிட்டது. "ஒரு வாய், பிள்ளை. அந்தக் கோட்டை அழிச்சுப்போட்டுக் கொஞ்சம் மேல கீறன்" என்றீர்கள். நான் சிரித்தேன். நாளைக்கு, அப்பா, என்றேன். "ஓம், ஓம்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தீர்கள்.

காலையில் கோடுவரை நிரப்பிக்கொண்டு வந்தேன். நீங்கள் எழும்பவில்லை.

ஒரு வாய் கொடுத்திருந்தாலும் எதுவும் மாறியிருக்காது என்றார் டாக்டர். நான் கேட்காமலே சொன்னார். நன்றி சொல்லிவிட்டு, அவர் காட்டிய இடங்களில் கையெழுத்திட்டேன்.

ஒன்பது மாதமாகிறது. இன்னும் அழவில்லை. வேலைக்குப் போகிறேன், வருகிறேன். கேட்பவர்களிடம் சுகம் என்கிறேன்.

பூ ஊதாவும் இளஞ்சிவப்பும் கலந்த நிறம். செடியின் நடுவிலிருக்கும் வெள்ளைப் பஞ்சைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. செடியைவிடப் பூ பெரிதாகத் தெரிகிறது. கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு கிண்ணத்துத் தண்ணீரைப் பின்பக்கத்து எலுமிச்சைக்கு ஊற்றினேன்.

ஜாடியில் இப்போது நான்தான் குடிக்கிறேன். கழுவிக் கழுவிக் கோடு போய்விட்டது. ஆனாலும் குழாயடியில் நிரப்பும்போது, அது இருந்த இடத்தில் என் கை நின்றுவிடுகிறது.